காசாவின் மரணக் கணக்கு: எந்தத் தொகையை எந்த அளவுக்கு நம்பலாம்?

பொருநைச்செல்வன் எழுதியது:

வணக்கம். இஸ்ரேல்–பாலஸ்தீன மோதலில் இறந்தவர்களின் தொகையைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், ஒருவர் 70,000 என்கிறார், இன்னொருவர் 1,86,000 என்கிறார், மூன்றாமவர் "அது ஹமாஸ் சொல்லும் கணக்கு" என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார். அத்துடன் பேச்சு முறிந்துவிடுகிறது. எது நியாயம், எது அநியாயம் என்ற வாதத்தை இங்கே தொடங்க நான் விரும்பவில்லை. ஹமாஸ் ஆட்சியின் கீழ் இயங்கும் காசா சுகாதார அமைச்சு அந்தக் கணக்கை எப்படித் தயாரிக்கிறது, அதை யாராவது தனியே சரிபார்த்திருக்கிறார்களா, 1,86,000 என்பது எங்கிருந்து வந்தது, இறந்தவர்களில் போராளிகள் எத்தனை பேர், பொதுமக்கள் எத்தனை பேர் என்பதை எவராலும் சொல்ல முடியுமா என்பவையே என் கேள்விகள். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுத வேண்டுகிறேன்.

யாழினி எழுதியது:

நல்ல கேள்விகள், ஐயா. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள்; இந்தக் கணக்குகளை 2023 அக்டோபரில் போர் தொடங்கிய நாள் முதல் கவனித்து வருகிறேன்.

அமைச்சின் அடிப்படைக் கணக்கு மருத்துவமனைப் பிணவறையிலிருந்து வருகிறது. உடல் வந்து சேர்ந்ததும் பெயர், வயது, பாலினம், ஒன்பது இலக்க அடையாள எண் ஆகியவற்றைப் பதிவுசெய்கிறார்கள். இந்த அடையாள எண்தான் இங்கே மிக முக்கியமானது. பாலஸ்தீனர்களின் மக்கள் பதிவேடு இஸ்ரேலின் ஒப்புதலோடு இயங்குவது; பிறப்பும் முகவரி மாற்றமும் அங்கே ஏற்கப்பட்டால்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே பட்டியலில் உள்ள எண்ணுக்கு உரியவர் உண்மையில் வாழ்ந்தவரா, வயது சரியா என்று இஸ்ரேலிய அரசால் தன் கைவசம் உள்ள பதிவைக் கொண்டே பார்த்துவிட முடியும். இல்லாத மனிதர்களைப் பட்டியலில் சேர்த்தால் அது உடனே வெளிப்பட்டுவிடும்.

2023 அக்டோபர் இறுதியில், அமெரிக்க அதிபர் பைடன் இந்தத் தொகையில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்ன மறுநாளே, அமைச்சு 7,028 பேர் இறந்ததாகவும் அவர்களில் 6,747 பேரின் பெயரும் அடையாள எண்ணும் இவை என்றும் முழுப் பட்டியலை வெளியிட்டது. மீதி 281 உடல்கள் அடையாளம் காணப்படாதவை என்று அதிலேயே குறித்திருந்தார்கள். இலண்டனைச் சேர்ந்த ஏர்வார்ஸ் என்ற அமைப்பு, முதல் பதினேழு நாள்களில் இறந்தவர்களாகத் தான் சமூக ஊடகங்களிலிருந்தும் செய்திகளிலிருந்தும் தனியே திரட்டிய ஏறத்தாழ 3,000 பெயர்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டபோது, நான்கில் மூன்று பங்குப் பெயர்கள் அதில் இருந்தன. எஞ்சிய ஒரு பங்கு அதில் இல்லை. பட்டியல் ஊதிப் பெருக்கப்பட்டது அன்று, குறைபட்டது என்பதையே இது காட்டுகிறது.

ஆனால் 2023 நவம்பரில் வடகாசாவின் மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக முடங்கியபோது அந்தப் பதிவுமுறையும் குலைந்தது. அதற்குப் பிறகு ஊடகச் செய்திகளிலிருந்து எடுத்த எண்களையும், குடும்பத்தார் இணையப் படிவம் வழியாகத் தெரிவித்த பெயர்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். தரம் இறங்கியது அங்கேதான். அதை மறைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

வடமலை எழுதியது:

யாழினி அம்மையாரின் விளக்கத்தை மதிக்கிறேன். எனினும் சிலவற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள் இஸ்ரேலியத் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் இறந்ததாகச் சொல்லப்பட்டது. பிறகு அமைச்சு 471 என்று அறிவித்தது. அமெரிக்க உளவுத் துறையின் மதிப்பீடு 100 முதல் 300 வரை; காரணமோ காசாவுக்குள்ளிருந்தே ஏவப்பட்டுத் தவறி விழுந்த ராக்கெட்டாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்றும் அது கூறியது. அதற்கு முன்பும், 2002 ஏப்ரலில் மேற்குக் கரையின் ஜெனின் அகதி முகாமில் இஸ்ரேலியப் படை நுழைந்தபோது 500 பேர் கொல்லப்பட்டதாகப் பாலஸ்தீனத் தரப்பு சொன்னது உலகமெங்கும் பரவியது. கடைசியில் உறுதிப்பட்டது 52 பாலஸ்தீனர்களும் 23 இஸ்ரேலியப் படைவீரர்களும். ஒரு முறை பத்து மடங்கு பெருக்கிச் சொன்னவர்களின் அடுத்த கணக்கை உலகம் ஐயத்தோடு பார்ப்பது இயல்பல்லவா?

மேலும், அமைச்சின் பட்டியலில் போராளி, பொதுமகன் என்ற பிரிவே கிடையாது. துப்பாக்கி ஏந்தி இறந்தவரும் தொட்டிலில் இறந்த குழந்தையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டவர்களைப் பற்றி இந்த இழையில் இதுவரை ஒரு சொல்கூட இல்லை என்பதையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

செங்கதிர் எழுதியது:

வடமலை ஐயா, 22 லட்சம் மக்கள் அடைபட்டிருக்கும் ஒரு சிறு நிலப்பரப்பில், வீடுகளில் பெரும்பகுதி இடிந்தோ சேதமடைந்தோ போன பிறகும் "கணக்கு சரியா" என்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது. ஐயம் என்பது எப்போதும் ஒரு பக்கத்துப் பிணங்கள் மீதே எழுகிறது. இஸ்ரேல் தன் இறந்தவர்களின் தொகையைச் சொன்னால் எந்தச் செய்தி நிறுவனமும் "இஸ்ரேலிய அரசு நடத்தும் துறையின் கூற்றுப்படி" என்று அடைமொழி சேர்ப்பதில்லை. லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழே 1,86,000 என்று எழுதிவிட்டது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

யாழினி எழுதியது:

செங்கதிர் தம்பி, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 1,86,000 என்ற எண்ணை நாம் கைவிட வேண்டும். கைவிட்டால்தான் மற்ற எண்களைக் காப்பாற்ற முடியும்.

அது ஆய்வுக் கட்டுரையின் முடிவு அன்று. 2024 ஜூலையில் லான்செட்டின் கடிதப் பகுதியில் மூவர் எழுதிய ஒரு குறிப்பு. அமைச்சு அப்போது அறிவித்திருந்த 37,396 என்ற தொகையை எடுத்துக்கொண்டு, பிற போர்களின் அனுபவப்படி ஒரு நேரடி மரணத்துக்கு நான்கு மறைமுக மரணங்கள் என்று வைத்துக்கொண்டால், நோயாலும் பட்டினியாலும் பின்னாளில் நேரக்கூடியவற்றையும் சேர்த்து 1,86,000 வரையிலோ அதற்கு மேலோ போகலாம் என்றார்கள். வருங்காலத்தையும் உள்ளடக்கிய ஒரு பெருக்கல் அது. அன்றுவரை இறந்தவர்களை எண்ணிச் சொன்னது அன்று.

அதே இதழில் 2025 ஜனவரியில் வந்த ஆய்வு வேறு தரத்தது. இலண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையேற்றுச் செய்தது. மருத்துவமனைப் பட்டியல், குடும்பத்தார் நிரப்பிய இணையப் படிவம், சமூக ஊடக இரங்கல் குறிப்புகள் என்ற மூன்றையும் பெயர் பெயராக ஒப்பிட்டார்கள். ஏரியில் உள்ள மீன்களின் தொகையை மதிப்பிட, சிலவற்றைப் பிடித்துக் குறியிட்டு விட்டுவிட்டு, மறுமுறை வலை வீசும்போது குறியுள்ளவை எத்தனை அகப்படுகின்றன என்று பார்ப்பார்களே, அதே கணிதம்தான். மூன்று பட்டியல்களிலும் பொதுவாக வரும் பெயர்கள் குறைவாக இருந்தால், எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போனவர்கள் பலர் என்று பொருள். அந்த முறையில், 2024 ஜூன் 30 வரை காயங்களால் மட்டும் இறந்தவர்கள் 64,260 என்ற மதிப்பீடு கிடைத்தது. கீழ் எல்லை 55,298, மேல் எல்லை 78,525. அதே நாளில் அமைச்சின் கணக்கு 37,877. அதாவது அமைச்சு ஏறத்தாழ 41 விழுக்காட்டைத் தவறவிட்டிருந்தது.

பிறகு மைக்கேல் ஸ்பகட் என்ற பேராசிரியரின் குழு காசாவுக்குள்ளேயே ஏறத்தாழ 2,000 குடும்பங்களிடம் நேரில் கேட்டுக் கணக்கெடுத்தது. அவர்கள் அமைச்சின் பட்டியலையே தொடவில்லை என்பதுதான் இதன் மதிப்பு. 2025 ஜனவரி 5 வரை வன்முறையால் இறந்தவர்கள் ஏறத்தாழ 75,200, வழக்கமான அளவுக்கு மேல் நோய் முதலியவற்றால் இறந்தவர்கள் 8,540 என்று 2025 ஜூனில் வெளியிட்டார்கள். அப்போது அமைச்சின் தொகை 45,000-ஐச் சற்றே தாண்டியிருந்தது. இரு வேறு வழிகளில் சென்ற இரு குழுக்கள், அமைச்சின் கணக்கு குறைவு என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. கூடவே, மறைமுக மரணம் நேரடி மரணத்தைப் போல நான்கு மடங்கு என்ற அனுமானம் அந்தத் தேதிவரை மெய்ப்படவில்லை என்பதும் தெரிகிறது. அதற்குப் பின்பு, 2025 ஆகஸ்டில், காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டுக் குழு அறிவித்தது. அந்தக் காலத்தின் மரணங்களை இந்த ஆய்வு அளக்கவில்லை.

ஆதிரை எழுதியது:

வடமலை அவர்கள் கேட்டது நியாயம். அக்டோபர் 7-ஐப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் இஸ்ரேல் 1,400 என்றது. 2023 நவம்பரில் அதை ஏறத்தாழ 1,200 என்று குறைத்தது, ஏனென்றால் எரிந்து உருத்தெரியாமல் போன உடல்களில் சுமார் 200 தாக்க வந்தவர்களுடையவை என்று பின்னர் தெரிந்தது. இத்தனைக்கும் அங்கே மரபணுச் சோதனைக்கூடம், பல் மருத்துவப் பதிவுகள், அபு கபீர் தடய மருத்துவ நிலையம் எல்லாம் இயங்கிக்கொண்டிருந்தன. எரிந்த வீடுகளின் சாம்பலைச் சலித்து எலும்புத் துண்டுகளையும் பற்களையும் தேட, இஸ்ரேலியத் தொல்லியல் துறையின் அகழ்வாய்வாளர்களையே அழைத்து வந்தார்கள். அவர்கள் கண்டெடுத்த எச்சங்களால் காணாமற்போனோர் பட்டியலில் இருந்த சிலர் இறந்தது உறுதியாயிற்று.

டிசம்பரில் அந்நாட்டுச் சமூகக் காப்பீட்டுத் துறையின் பதிவுகளை ஒட்டி வந்த கணக்கில், 36 குழந்தைகள் உட்பட 695 இஸ்ரேலியப் பொதுமக்கள், 373 பாதுகாப்புப் படையினர், 71 வெளிநாட்டவர் என்று பிரிவு தெளிவாயிற்று. அந்த வெளிநாட்டவரில் பலர் தோட்ட வேலைக்கு வந்த தாய்லாந்துக்காரர்கள். வேளாண்மை கற்க வந்த நேபாள மாணவர்கள் பத்துப் பேரும் அன்று கொல்லப்பட்டார்கள். இந்த மோதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத அவர்களை எந்தத் தரப்பின் ஆதரவாளரும் நினைவுகூர்வதில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பணயக் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள் 251 பேர்.

அங்கேயும் பொய்கள் பரவின. தலை துண்டிக்கப்பட்ட 40 குழந்தைகள் என்ற கதைக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. நடந்த கொடுமை அந்தக் கதை இல்லாமலேயே கொடுமைதான்.

வடமலை எழுதியது:

நன்றி, ஆதிரை. 1,400 குறைந்து 1,200 ஆனதை எவரும் "இஸ்ரேல் பொய் சொன்னது" என்று கூறவில்லை. திருத்தம் என்றே ஏற்றுக்கொண்டார்கள். காசா அமைச்சும் 2025 மார்ச்சில் வெளியிட்ட பட்டியலில் முன்பிருந்த 3,400 பெயர்களை நீக்கியது. அவற்றில் 1,080 குழந்தைகளின் பெயர்கள். அதை நான் "மோசடி வெளிப்பட்டது" என்றுதான் அப்போது படித்தேன். இரண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கவேண்டும் என்றால் அதுவும் திருத்தம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போராளிகள் பற்றிய என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

முகிலன் எழுதியது:

அந்தக் கேள்விக்குப் பழைய போர்களிலிருந்து தொடங்கினால்தான் விடை தெளியும்.

2008 டிசம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை நடந்த காசாப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் இறந்த பாலஸ்தீனர்கள் 1,387 என்றது. இஸ்ரேலிய இராணுவம் 1,166 என்றது. மொத்தத்தில் வேறுபாடு சிறியது. பிரிப்பதில்தான் மலைபோன்ற வேறுபாடு. இராணுவக் கணக்கில் 709 பேர் ஹமாஸ் முதலிய அமைப்புகளின் ஆட்கள், 295 பேர் தொடர்பற்றவர்கள், 162 ஆண்கள் யாரென்று தெளிவாகாதவர்கள். பெத்செலெம் கணக்கிலோ 773 பேர் சண்டையில் ஈடுபடாதவர்கள், 330 பேர் ஈடுபட்டவர்கள், 36 பேரைப் பற்றி உறுதியில்லை, எஞ்சிய 248 பேர் காசாவின் காவல்துறையினர். இந்தக் காவலர்களை இராணுவம் போராளிகள் என்றது. பெத்செலெம் அவர்களைத் தனி வரிசையில் வைத்தது. ஆக, அந்தப் போரின் சர்ச்சையில் ஒரு பெரும்பங்கு, ஹமாஸ் அரசிடம் சம்பளம் வாங்கிய காவலர் போராளியா என்ற சட்டக் கேள்வியே. இறந்தவர்களை மறைத்தது பற்றியோ கூட்டியது பற்றியோ அன்று.

2014 போரிலும் இதே நிலைதான். ஐ.நா. விசாரணைக் குழுவின் கணக்கு 2,251 பாலஸ்தீனர்கள், அவர்களில் 1,462 பேர் பொதுமக்கள், 551 பேர் குழந்தைகள். இஸ்ரேலிய அரசின் மொத்தம் 2,125. மறுபக்கத்தில் 67 படைவீரர்களும் 6 பொதுமக்களும். ஒவ்வொரு போருக்குப் பிறகும் ஐ.நா., இஸ்ரேல், காசா அமைச்சு ஆகிய மூன்றின் மொத்தங்களும் நெருங்கியே வந்திருக்கின்றன. இன்று அமைச்சின் மொத்தத்தை நம்புவதற்கு ஆய்வாளர்கள் முதற்காரணமாகச் சொல்வதும் இந்தப் பழைய பதிவைத்தான்.

இனி இந்தப் போர். தாம் 17,000 முதல் 20,000 வரை போராளிகளைக் கொன்றதாக இஸ்ரேலியத் தலைவர்கள் பேசிவந்தார்கள். ஆனால் இஸ்ரேலிய இராணுவ உளவுத் துறையின் உள் தரவுத்தளத்தில், 2025 மே மாத நிலவரப்படி, இறந்தவர் அல்லது இறந்திருக்கக்கூடியவர் என்று பெயரோடு குறிக்கப்பட்ட போராளிகள் ஏறத்தாழ 8,900 பேர் என்று கார்டியன் நாளிதழும் இஸ்ரேலிய ஊடகங்களும் அந்த ஆகஸ்டில் வெளியிட்டன. அப்போது அமைச்சின் மொத்தம் 53,000. பெயர் தெரியாத போராளிகளும் இறந்திருப்பார்கள். ஆகவே மற்றவர்கள் அனைவரும் பொதுமக்கள் என்று கழித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு போராளிக்கு ஒரு பொதுமகன் என்ற அளவில்தான் இறந்தார்கள் என்ற கூற்று இந்தத் தரவின்முன் நிற்காது.

எதிர்ப்பக்கத்துக் கூற்றிலும் ஒரு குறை உண்டு. இறந்தவர்களில் 70 விழுக்காட்டினர் பெண்களும் குழந்தைகளும் என்று காசா அரசின் ஊடக அலுவலகம் நெடுநாள் சொல்லிவந்தது. 2024 மே மாதத்தில் அடையாளம் காணப்பட்ட 24,686 பேரின் பட்டியலில் குழந்தைகள் 7,797, பெண்கள் 4,959, முதியோர் 1,924, ஆண்கள் 10,006. பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து பாதியைச் சற்றே தாண்டுகிறார்கள். 70 விழுக்காடு இல்லை. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தான் சரிபார்த்த 8,119 பேரில் ஏறத்தாழ 70 விழுக்காடு என்று சொன்னது உண்மையே. ஆனால் அது அவர்கள் தனித்தனியே உறுதிசெய்த தொகுதிக்கு மட்டுமான விகிதம், மொத்தத்துக்கும் அதை நீட்டக்கூடாது. அந்தத் தொகுதியில் மிகுதியாக இறந்தவர்கள் 5 முதல் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்பதை மட்டும் எவரும் திருத்திச் சொல்லவில்லை.

செங்கதிர் எழுதியது:

1,86,000 என்பதை இனிப் பயன்படுத்தமாட்டேன், யாழினி அக்கா. ஆனால் மோதலின் தொகை என்று சொல்லும்போது ஏன் எல்லோரும் 2023-லிருந்தே தொடங்குகிறீர்கள்? 1948-ல் இறந்தவர்களை யார் எண்ணினார்கள்?

முகிலன் எழுதியது:

எண்ணினார்கள், ஆனால் சமமாக எண்ணப்படவில்லை. 1948 போரில் இறந்த யூதர்கள் ஏறத்தாழ 6,000 பேர். அன்றைய யூத மக்கள்தொகையில் அது நூற்றுக்கு ஒருவர். புதிய அரசு ஒவ்வொருவரின் பெயரையும் பதிவில் ஏற்றியது. பாலஸ்தீனர்களுக்கு அரசு இல்லை. ஊர்களும் இல்லாமல் போயின. வரலாற்றாசிரியர் ஆரிஃப் அல் ஆரிஃப் தனியொருவராக இறந்தோர் பெயர்களைத் திரட்டினார். ஏறத்தாழ 13,000 என்பது அவருடைய மதிப்பீடு.

தெய்ர் யாசீன் என்ற ஊரின் கதை இந்த இழைக்கு மிகவும் பொருத்தமானது. 1948 ஏப்ரல் 9 அன்று அங்கே இர்குன், லெஹி என்ற யூத ஆயுதக்குழுக்கள் நடத்திய படுகொலையில் 254 பேர் இறந்ததாகவே நாற்பது ஆண்டுகள் உலகம் நம்பியது. அந்த எண்ணைச் செய்தியாளர்களிடம் சொன்னவர் அந்தத் தாக்குதலை நடத்திய இர்குன் தளபதி. அரபு மக்கள் அஞ்சி ஓடவேண்டும் என்பது அதன் நோக்கம். அரபுத் தலைவர்களும் சீற்றத்தை எழுப்ப அதையே ஒலிபரப்பினார்கள். 1987-ல் பாலஸ்தீனத்தின் பிர்செய்த் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப் பேசி, வீடு வீடாகப் பெயர்களைச் சேர்த்தபோது இறந்தவர்கள் 107 என்று முடிவாயிற்று. பாலஸ்தீன ஆய்வாளர்களே தம் மக்களின் தொகையைக் குறைத்துச் சொன்னார்கள், பெயர்கள் அவ்வளவே இருந்ததால். அந்தப் படுகொலை நடந்து நான்கு நாள்களில் ஜெருசலேமின் ஹதாசா மருத்துவமனைக்குச் சென்ற யூத வாகன அணி அரபுப் படையினரால் தாக்கப்பட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் உட்பட 78 பேர் கொல்லப்பட்டார்கள்.

1982 செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலா பகுதிகளில் லெபனானிய ஃபலாஞ்சிய ஆயுதக்குழு பாலஸ்தீன அகதிகள் மீது நடத்திய படுகொலைக்கு அப்படி ஒரு முடிவு இன்றுவரை கிடைக்கவில்லை. இஸ்ரேலின் கஹான் ஆணையம் 700 முதல் 800 என்ற உளவுத் துறை மதிப்பீட்டை ஏற்றது. பிறர் 3,500 வரை சொல்கிறார்கள். உடல்கள் புதைக்கப்பட்டும் ஏற்றிச் செல்லப்பட்டும் போனபின் எண்ண ஆளில்லை.

பொருநைச்செல்வன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்தபோது அமைச்சின் தொகை 67,000-ஐத் தாண்டியிருந்தது. நவம்பர் இறுதியில் 70,000-ஐக் கடந்தது. போர் நின்ற பிறகும் ஏன் இவ்வளவு கூடுகிறது?

யாழினி எழுதியது:

போர்நிறுத்தத்துக்குப் பின்னும் தாக்குதல்களில் சில நூறு பேர் இறந்தார்கள். ஆனால் கூடுதலில் பெரும்பகுதி பழைய மரணங்கள். இடிபாடுகளுக்குள்ளிருந்து எடுக்கப்படும் உடல்கள் இப்போது கணக்கில் ஏறுகின்றன. குடும்பத்தார் முன்பு படிவத்தில் தெரிவித்த பெயர்களும், ஒரு நீதித்துறைக் குழு ஒவ்வொன்றாகப் பரிசீலித்து ஒப்புதல் தந்தபின், நூற்றுக்கணக்கில் சேர்க்கப்படுகின்றன. 2025 மார்ச்சில் பெயர்கள் நீக்கப்பட்டதும் இத்தகைய மறுபரிசீலனையால்தான்.

எந்தப் பட்டியலிலும் ஏற முடியாத உடல்களும் உண்டு. போர்நிறுத்த ஒப்பந்தப்படி, இறந்த இஸ்ரேலியப் பணயக் கைதி ஒருவரின் உடலுக்கு ஈடாக 15 பாலஸ்தீனர்களின் உடல்களை இஸ்ரேல் ஒப்படைத்தது. பெரும்பாலானவற்றோடு பெயர் வரவில்லை; எண் மட்டுமே வந்தது. காசாவில் மரபணுச் சோதனைக் கருவிகள் இல்லை. கான் யூனிஸின் நாசர் மருத்துவமனையில் உடல்களின் படங்களைத் திரையில் காட்டி, உடை, காலணி, பழைய தழும்பு ஆகியவற்றைக் கொண்டு குடும்பத்தாரை அடையாளம் சொல்லச் செய்தார்கள். அடையாளம் தெரிந்தவை ஒரு சிறு பகுதியே. மற்றவற்றை எண்ணிட்டுத் தெய்ர் அல் பலாவில் அடக்கம் செய்தார்கள். ஆகவே இனி வரும் மாதங்களில் தொகை கூடுவதைக் கண்டால், அது எந்த வகையில் கூடியது என்பதை அமைச்சின் அறிக்கையிலேயே பாருங்கள். புதிதாக இறந்தவர்கள், மீட்கப்பட்ட உடல்கள், குழு ஒப்புதல் அளித்த பெயர்கள் என்று மூன்றையும் அதில் தனித்தனியே குறிக்கிறார்கள்.